இரண்டாம் பாத்தி

இன்று காலை வக்குவா சந்தைப் பக்கம் போனேன். ரொட்டிக் கடைக்காரர் கதவைத் திறந்த நேரம். தெரு முழுக்கச் சுடச்சுட ரொட்டி வாசனை. இங்கே ஜூலை குளிர்காலம், தூறல் வேறு, யாருக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறாது? குடையைப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் நின்று மூக்கால் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வாயால் சாப்பிட்டு நாலு வருஷம் ஆகிறது. அதை என் தட்டிலிருந்து பிடுங்கியவள் நீ. அதனால் வீட்டுக்கு வந்ததும் ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தமிழ் வாசிக்க வராது. பாண்டிச்சேரியிலிருந்து கொத்து வேலைக்கு வந்த உன் முன்னோர்களோடு உங்கள் வீட்டுத் தமிழும் மண்ணுக்குள் போயிற்று. மிஞ்சியது 'அக்கா' என்ற சொல்லும் ஒரு மீன் குழம்பும்தான். நீ இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசுவாய். கும்பகோணத்தில் பிறந்து, கழுத்தில் தாலியோடு கப்பலேறி இங்கே வந்த நான் தமிழும் கிரியோலுமாகக் குழப்பிப் பதில் சொல்வேன். நீ உயிரோடு இருந்தாலும் இதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். உன் பேச்சையும் என் தமிழில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் எதற்கெடுத்தாலும் 'பா கோனே', தெரியாது, என்று கையை விரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நீ 'பா கோனே' என்று சொன்னால் அன்றைக்கு வேலை ஆரம்பம் என்று அர்த்தம். மோகா பக்கம் கரும்பு ஆராய்ச்சிக் கூடத்தில், எந்தப் பாத்திக்கு எந்த உரம், எந்தக் கரும்பு எத்தனை விரல் வளர்ந்தது என்று கட்டம் போட்டு எழுதுவது உன் உத்தியோகம். பக்கத்து வீட்டுக்காரியின் வயிற்றையும் ஒருநாள் கட்டம் போட்டு எழுதுவாய் என்று யார் கண்டார்கள்?

என் வயிற்றைப் பற்றி ஊருக்கே தெரியும். சாப்பிட்டால் உப்பும், பிறகு ஓடும். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிய நாட்கள் எத்தனையோ. நாற்பத்தாறு வயதில் தீட்டு நின்றது. உடம்பு எரிந்தது, தூக்கம் போயிற்று, தொட்டதற்கெல்லாம் அழுகை வந்தது. க்யூர்பிப் டாக்டர் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னார். "வயசு, மதாம். நரம்பு." ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் நிறுத்த வேண்டும். அது சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த மருந்து என்று மருந்துக் கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வயிறு கெட்டதற்கெல்லாம் அந்தக் குதிரைதான் காரணம் என்று முடிவு கட்டினேன்.

சாட்சியும் வைத்திருந்தேன். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பேன். மூத்திர மாத்திரையை விரதத்தில் தொடலாமா? நிறுத்திவிடுவேன். அந்தப் பத்து நாளும் வயிறு சமர்த்தாக இருக்கும். விரதம் முடிந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. முருகன் வைத்தியம் பார்க்கிறான், குதிரை கெடுக்கிறது என்று உன்னிடம் ஒருநாள் வேலியோரம் சொன்னேன்.

நீ சிரிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு, அதாவது உன் மாதா கோயிலுக்குப் போகிறவள் நீ. சாமியை வைத்து விளையாட மாட்டாய். "சாமி செஞ்சார், சரி. எதை வச்சு செஞ்சார்னு தெரிஞ்சுக்க வேண்டாமா, அக்கா? அந்தப் பத்து நாள் மாத்திரை மட்டுமா நிறுத்தினே? வேற என்னென்ன நிறுத்தினே?" என்று கேட்டாய்.

யோசித்தேன். மீன், முட்டை, கடை ரொட்டி. அச்சில் என்ன கொழுப்பைத் தடவுகிறார்களோ என்று விரத வீட்டுக்குள் ரொட்டியே வராது. மூன்று வேளையும் சோறு.

"நாலு உரத்தை ஒண்ணா கொட்டிட்டு எது வேலை செஞ்சுதுன்னு கேட்டா எங்க ஆபீஸ்ல என்னை வெளியே அனுப்பிடுவாங்க" என்றாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனால் அந்த மாதமே எனக்கு ஒரு கடிதம் வந்தது. விடுப்பு அதிகமாகிவிட்டது, ஆறு மாதம் கழித்து மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டும், தகுதி இல்லையென்றால் ஓய்வு. புருஷன் போனபின் எனக்கு இருந்தது அந்த வகுப்பறை ஒன்றுதான். நாற்பது பெண்கள், நாற்பது ஊசி. அதுவும் போனால் காலையில் எழுந்து நான் யாருக்காகத் தலை வார வேண்டும்? கடிதத்தை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்து அழுதேன். நீ தண்ணீர் கொடுத்தாய். பிறகு ஒரு தாளில் கோடு கிழித்தாய்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அதுதான் உன் சட்டம். முதல் ஆறு வாரம் மாத்திரை இல்லை, ரொட்டி உண்டு. ஐயோ, அந்த ஆறு வாரம்! வக்குவா குளிரில் விசிறி கேட்டேன். ஒருநாள் ஒரு பெண் கோணலாகத் தைத்தாள் என்று ஸ்கேலால் அவள் விரலில் அடித்துவிட்டேன். நாற்பது ஊசியும் அப்படியே நின்றன. அன்று சாயங்காலம் உன் வீட்டில் வெட்கத்தால் குறுகி உட்கார்ந்திருந்தேன். வயிறோ துளியும் திருந்தவில்லை. "குதிரை நிரபராதி" என்று நீ தாளில் எழுதினாய்.

அடுத்தது ரொட்டி. மாத்திரை உண்டு, மீன் உண்டு, ரொட்டியும் கோதுமை மாவும் கிடையாது. இங்கேதான் நீ ஒரு புது வேலை செய்தாய். "உன்னோட நானும் ரொட்டியை விடறேன். ரெண்டு பாத்தி இருந்தாத்தான் ஒப்பிட முடியும். எனக்கும் வயிறு மாறினா குத்தம் ரொட்டியில. எனக்கு மாறாம உனக்கு மட்டும் மாறினா, அது உன் உடம்போட சங்கதி." உனக்குத் தனியாக ஒரு நோட்டு. முடியும்வரை ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் கை தானாக எழுதிவிடும் என்றாய்.

மூன்றாம் வாரம் வயிறு அடங்கியது. ஐந்தாம் வாரம் வகுப்பை விட்டு ஒருமுறைகூட எழவில்லை. இதில் ஒரு வேடிக்கை பார். முன்பு அந்த மாத்திரை சாப்பிட்டும் உடம்பு எரிச்சல் பாதி இருந்தது. இப்போது அதே மாத்திரை உடம்பைத் தூக்கிப்போட்டது, மார்பு கனத்து வலித்தது. டாக்டர் பாதியாகக் குறைத்தார், ஏனென்று அவருக்கே புரியவில்லை. உனக்குப் புரிந்துவிட்டது. கைதட்டினாய். "உரம் அதேதான் அக்கா. இத்தனை நாள் மண்ணு உறிஞ்சலை. இப்போ உறிஞ்சுது."

பிறகு, "முதல் முதலா எப்போ வயிறு கெட்டுது?" என்று கேட்டாய். குதிரை வருவதற்கு முன் கப்பல் தண்ணீர், மாமியார் கைமணம் என்று இருபது வருஷமாகப் பழி போட்டுக்கொண்டிருந்தேன். நீ தோண்டத் தோண்டத்தான் ஞாபகம் வந்தது. போரில் இந்தத் தீவுக்குப் பர்மா அரிசி வருவது நின்று போய், மாவும் மக்காச்சோளமுமாகத் தின்ற அந்த வருஷங்கள். அதற்குமுன் கும்பகோணத்தில் நான் கோதுமையைக் கண்ணால் கண்டதோடு சரி. பாவம் மாமியார், அந்த அம்மாளின் படத்துக்கு முன் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

குழுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நீ ஒரு ரொட்டியை வாங்கி வந்து மேஜையில் வைத்தாய். "திரும்பக் கொடுத்துப் பார்க்கணும். இல்லேன்னா தற்செயல்னு சொல்லலாம்." நான் கத்தினேன், உனக்குப் பைத்தியமா, என் பிழைப்பு போகும் என்றேன். நீ அசையவில்லை. சனிக்கிழமை தின்றேன். ஞாயிறு முழுக்கப் படுக்கைக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். நடுவில் நீ எட்டிப் பார்த்து "எத்தனை தடவை?" என்று கேட்டபோது, வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குழுவில் எடை பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், நீ கோடு கிழித்துக் கொடுத்த என் தாள்களைப் புரட்டினார்கள். தகுதி உண்டு என்று எழுதினார்கள். திரும்பி வந்து உன்னைக் கட்டிக்கொண்டேன். என் தாளை இருவருமாக முதலிலிருந்து கடைசிவரை படித்து ரசித்தோம். உன் நோட்டை நீ நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஒப்பிடத்தானே இரண்டாம் பாத்தி? எனக்கு அது மறந்தே போயிற்று. நான் ஜெயித்துவிட்டேன் அல்லவா.

மறு வருஷம் நீ போனாய். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். இந்தத் தீவில் சுதந்திரக் கொடி ஏறியதை நீ பார்க்கவில்லை. எப்போதிலிருந்து இருந்தது என்று கேட்டால் எல்லோரும் 'பா கோனே'.

போன வாரம் பக்கத்து ஊர் பீனிக்ஸிலிருந்து உன் தம்பி வந்தான். உன் வீட்டைக் காலி செய்கிறார்களாம். அலமாரியில் இருந்ததென்று உன் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரெஞ்சில், உன் நேர்த்தியான எழுத்தில், நாள் தவறாமல் எழுதியிருக்கிறாய். ரொட்டியை விட்ட முதல் நாள்: மேல்வயிற்றில் வலி. பத்தாம் நாள்: வலி, பாதிச் சாப்பாடு. இருபதாம் நாள்: வாந்தி, யாரிடமும் சொல்லவில்லை. மாற்றம் இல்லை, எனவே ரொட்டி காரணம் இல்லை. முப்பதாம் நாள்: அக்கா என் கவுனை இடுப்பில் ஓர் அங்குலம் பிடித்தாள். ஐம்பத்திரண்டாம் நாள்: அக்கா மறுபடி பிடித்தாள், ஒன்றரை அங்குலம்.

ஆமாம், பிடித்தேன். என் நாடாவால், என் கையால் உன் இடுப்பை அளந்தேன். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு, "ரொட்டியை விட்டதும் இடுப்பு வந்துடுச்சே, மாப்பிள்ளை பார்க்கட்டுமா?" என்று கேலி செய்தேன். கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன். நீ சிரித்துவிட்டுப் போய் அந்த அளவைக் கட்டத்தில் எழுதியிருக்கிறாய். என் குழு முடியட்டும் என்று இருந்தாயா? பயமா? இல்லை, உன்னையும் ஒரு பாத்தியாகத்தான் பார்த்தாயா? ஒரு வாரமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடிப் பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கேட்டிருக்கக் கூடாதா?

இப்போதும் பாதி மாத்திரை சாப்பிடுகிறேன். ரொட்டி கிடையாது. வகுப்பு நடக்கிறது, இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த கணக்கு டீச்சர் நேற்று, ரவிக்கை தளர்ந்துவிட்டது, பிடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். நாடாவைக் கையில் எடுத்தேன், அளக்கவில்லை. "எதனால இளைச்சே?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சிரித்தாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு முறை கேட்டேன். அழுதாள்.