ஏணியை நகர்த்தியவள்

வெர்மான்ட், அமெரிக்கா
அக்டோபர் 9

என் அருமை ஐசில்டாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலம். கணுக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நடக்க முடிகிறது, பயப்படாதே.

இங்கே குளிருக்கு முன் மேப்பிள் மரங்களின் இலையெல்லாம் சிவந்துவிட்டன. அழகுதான், மறுக்கவில்லை. படம் பிடிக்கக் கார் காராக வருகிறார்கள். நேற்று நான் ஏணியிலிருந்து கிளைக்கு மாறி ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி அந்த ஏணியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டாள்.

"ஏம்மா, நான் எப்படி எறங்குறது?" என்று கத்தினேன்.

"ரெண்டே நிமிஷம். ஏணி படத்துல விழுது, கலரே கெட்டுப்போகுது" என்றாள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குள் கிளை முறிந்து, பழப் பையோடு விழுந்தேன். முதலாளி பிரென்டிஸ் ஓடிவந்தார். "சத்தம் போடாதப்பா, அவங்க நம்ம கடைக்கு வர்றவங்க" என்றார், என்னிடம்! பன்னிரண்டு வருஷமாக அவருக்குப் பழம் பறிக்கிறேன், ஐசில்டா. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அப்போ அவங்களையே பறிக்கச் சொல்லுங்க" என்று பையைக் கழற்றி அவர் காலடியில் போட்டேன். பக்கத்து மரத்தில் பறித்துக்கொண்டிருந்த நம்ம ஊர் லாசெல்ஸும் இறங்கினான். பிறகு ஜமைக்காக்காரர்கள் எட்டுப் பேரும் இறங்கிவிட்டோம். மதியம்வரை ஒருவரும் ஏறவில்லை.

இன்று படம் பிடிக்க வருகிறவர்கள் உள்ளே வராதபடி பிரென்டிஸ் தோப்பைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

வீக்கத்துக்குத் தேய்க்க அந்தப் பச்சைத் தைலம் ஒரு புட்டி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை என்ன சமைத்தாய் என்று எழுது. உங்கள் படமும் ஒன்று சேர்த்து அனுப்பு, எல்லாரும் நேராகப் பார்த்து நிற்கிற மாதிரி. இங்கே எல்லார் கண்ணும் மரத்தின் மேல்தான்.

தபால் கொண்டுபோகும் வேன் கிளம்புகிறது.

உன்
எவர்ட்டன்