அறையின் பங்கு

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதினால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். என் ரத்தப் புற்றுநோயில் ஏதோ மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் நோய் முரட்டுத்தனமாகத் திரும்பி வருமாம். இந்த நோய் வந்த பெரியவர்களில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு இருக்குமாம். எங்கள் அறையில் மூன்று கட்டில்; ஒரே நோய், ஒரே பரிசோதனை. "அப்போ நம்மள்ல ஒருத்திக்குத்தான். யாருடி அந்த மகராசி?" என்கிறார் பக்கத்துக் கட்டில் பஸ் கண்டக்டரம்மா. ஜன்னலோரத்து டீச்சர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. புள்ளிவிவர அலுவலகத்தில் பெரிய ஆளாயிற்றே, விளக்கி எழுது. முடிந்தால் நேரில் வந்து சொல்.

உன் வாலு

மார்ச் 9

அன்புள்ள வாலு,

பங்கு பிரிப்பதற்கு விகிதம் ஒன்றும் பூர்வீகச் சொத்தல்ல. ஒருத்திக்கு இருந்தால் மற்றவர்கள் தப்பினார்கள் என்றில்லை. மூவருக்கும் இருக்கலாம், யாருக்குமே இல்லாமலும் போகலாம். இரண்டு அட்டவணைகள் இணைத்திருக்கிறேன். கண்டக்டரம்மாவிடமும் காட்டு. ஆண்டறிக்கை வேலை கழுத்தை நெரிக்கிறது. முடிந்ததும் வருகிறேன்.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அட்டவணைகள் கிடைத்தன. காட்டவில்லை. எனக்கு முடிவு வந்துவிட்டது. இருக்கிறது. மற்ற இருவருக்கும் இன்னும் வரவில்லை. "அறையோட பங்கை நான் எடுத்துக்கிட்டேன். இனி உங்களுக்கு வராது. எங்கண்ணன் கணக்குப் புலி, அவரே எழுதியிருக்காரு" என்று அறிவித்துவிட்டேன். கண்டக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வெட்கப்பட்டு அழுதார். டீச்சர் இரண்டாம் தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ வந்தால் உளறிவைக்காதே.

மரபணு மாற்றம் மூன்றில் ஒருவருக்கு. அண்ணன் வந்து பார்ப்பது எத்தனை பேரில் ஒருவருக்கு? அட்டவணை இருந்தால் அனுப்பு.

உன் வாலு

ஏப்ரல் 8

அன்புள்ள வாலு,

நீ கேட்ட அட்டவணை எங்கள் அலுவலகத்தில் இல்லை. அதனால் நேரிலேயே வந்தேன். ஆண்டறிக்கை செவ்வாயன்று வெளியானது, இன்று புதன். நீ திங்களன்றே கண்ணை மூடிவிட்டாயாம். உன் கட்டிலில் புது விரிப்பு. நான் அனுப்பிய அட்டவணைகளை உன் தலையணை உறைக்குள் இருந்தவை என்று நர்ஸ் கொடுத்தார். யாரும் பார்க்குமுன் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன்.

கண்டக்டரம்மா கூப்பிட்டார். "கணக்குப் புலி நீங்கதானா தம்பி? டீச்சருக்கு இல்லன்னு வந்துடுச்சு. எனக்கு நாளைக்குத்தான் வருது. எனக்கும் இருக்காதுல்ல?"

"இருக்காதும்மா. அறைக்கு ஒருத்திதான்" என்றேன்.

நீ சொன்னபடியே, உளறவில்லை.

அண்ணன்