அழிக்கச் சொன்ன படங்கள்

அண்ணா,

போனில் நீ கேட்டதற்குப் பதிலை எழுதியே அனுப்புகிறேன்.

அந்தத் தையல் ஆசிரியைக்கு ஆபரேஷனில் பின்மண்டை எலும்பை எடுத்து, நெருக்குண்டு கிடந்த மூளைக்கு இடம் விட்டாய். அங்கே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தது நான். மூளையைச் சுற்றி நீர் இன்னும் ஓடவில்லை. "மூளை உறையையும் திறக்கணும்" என்றேன்.

"நீ படத்தை மட்டும் காட்டு தாயே, வெட்டுறது எனக்குத் தெரியும்" என்றாய். நர்ஸுகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அதற்காக என்னை நானே மன்னிக்கவில்லை. உறையைத் திறக்காமலே தைத்து மூடினாய்.

நான்கே மாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. "சில உடம்பு அப்படித்தான்" என்று அவர் வீட்டுக்காரரிடம் கைவிரித்தாய். அதைக்கூட விழுங்கியிருப்பேன். ஆனால், "ஸ்கேனில் நீரோட்டம் சரியாக இருந்தது" என்று ஆபரேஷன் குறிப்பில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருக்கிறாய்.

இப்போது அன்றைய ஸ்கேன் படங்களை அழிக்கச் சொல்கிறாய். என்னைப் படிக்கவைத்ததைச் சொல்லிக்காட்டுகிறாய். அம்மா தாங்கமாட்டாள் என்கிறாய்.

இன்று காலை ஆசிரியை வீட்டுக்குப் போனேன். இடது கையால் ஊசியில் நூல் கோர்க்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் தங்கமானவரும்மா. முடிஞ்ச வரைக்கும் பார்த்தார்."

"இல்லைம்மா, பார்க்கலை" என்றேன். படங்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்று நீ பார்த்ததைவிட நிதானமாக.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் எதையும் மறைக்கமாட்டேன்.

உன் தங்கை