சார்ட்டுக்கு எழுதிக் கொடுத்த கடிதம்

ஜூன் 12

பள்ளி திறந்து எட்டு நாள் ஆகிறது. தலைமை ஆசிரியர், அதாவது எங்கள் பெரிய சார், இன்றும் அசெம்பிளியில் இருபது நிமிடம் நேரம் தவறாமையைப் பற்றிப் பேசினார். முதல் பாடவேளையில் பாதி அதிலேயே போயிற்று. அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். பிறகு அந்த நாற்காலி எனக்கு. இருபத்திரண்டு ஆண்டு இங்கே கணக்குப் போதித்திருக்கிறேன், அதில் ஒன்பது ஆண்டு உதவித் தலைமை ஆசிரியை. எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

பக்கத்து வகுப்பில் சார்ட்டு. அந்தப் பேர் நான் வைத்தது. புவியியல் என்ற பெயரில் பிள்ளைகளை வருடம் முழுக்க சார்ட்டில் வண்ணம் தீட்ட வைக்கிறான். போன வருடம் எரிமலை, இந்த வருடமும் எரிமலை. ஒரு பிள்ளைக்காவது அது ஏன் வெடிக்கிறது என்று தெரியுமா? கேட்டேன். "சிவப்பு கலர் அடிச்சா வெடிக்கும் டீச்சர்" என்றது ஒன்று.

ஜூன் 14

சார்ட்டு பதவி உயர்வு கேட்டிருக்கிறானாம்! எங்கள் நிர்வாகத்தின் ஏழு பள்ளிகளில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் உதவித் தலைமை ஆசிரியர் இடம் காலி. விண்ணப்பத்தோடு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

பெரிய சார் என்னைக் கூப்பிட்டார். "அவர் க்ளாஸைப் பாக்கறது நீங்கதானே டீச்சர். நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க." இந்த மனிதர் தன் பேனாவைத் திறந்து எத்தனை வருடம் ஆயிற்றோ.

உண்மையை எழுதினால்? சார்ட்டு இங்கேயே இருப்பான். நான் தலைமை ஆசிரியை ஆன பிறகும் அந்த எரிமலைகளைத் தலையில் சுமக்க வேண்டும். நல்லதாக எழுதினால் போய்த் தொலைவான். அந்தப் பள்ளி அனுபவிக்கட்டும்.

ஜூன் 15

முதல் வரிக்கே அரை மணி நேரம். இவனிடம் பாராட்ட என்ன இருக்கிறது? சட்டையை நன்றாக இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிறான், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு கடிதம் எழுத முடியுமா?

கடைசியில் வழி கிடைத்தது. என்னையே நினைத்துக்கொண்டு எழுதினேன். காலை ஏழரைக்கு, வாட்ச்மேனுக்கும் முன்னால் வந்துவிடுவார். கடைசி மணி அடித்த பிறகும் பின்தங்கிய பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித் தருவார். நாலு ஆசிரியர்கள் வராத நாளிலும் பத்து நிமிடத்தில் கால அட்டவணையை மாற்றி, ஒரு வகுப்பும் சும்மா கிடக்காமல் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்வார். எழுத எழுத வேகம் பிடித்துவிட்டது. முடிவில், 'ஒரு பள்ளியைத் தலைமையேற்று நடத்த இவரைவிடத் தகுதியானவர் எங்கள் பள்ளியில் இல்லை.'

தங்கைக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். "ஒரு ஆளைத் துரத்தறதுக்கு இவ்ளோ உழைப்பாக்கா?" என்று கேட்டாள். சிரித்தோம். வயிறு வலிக்கும்வரை சிரித்தோம்.

ஜூலை 3

போய்விட்டான்! ஸ்டாஃப் ரூமில் டீ, பிஸ்கட், ஒரு சால்வை. அழுதான். மனுஷனுக்கு மூக்கு ஒழுகுவதுகூடத் தெரியவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க எழுதினதை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன் டீச்சர். என்னைப் பத்தி யாருமே இப்படிச் சொன்னதில்ல" என்றான்.

ஐயோ பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான். அவன் வாசலைத் தாண்டியதும் சுவரிலிருந்த பதினொரு எரிமலைகளையும் கழற்றச் சொன்னேன்.

ஜூலை 4

பக்கத்து வகுப்பில் சத்தமே இல்லை. சொர்க்கம்.

நவம்பர் 20

விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி அறிவியல் டீச்சரைப் பார்த்தேன். "உங்க சார் காலையில ஏழரைக்கே வந்து நிக்கறார். எங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கு" என்றாள். இங்கே இருந்தவரை இரண்டாம் மணி அடிக்கும்போதுதான் சைக்கிளை நிறுத்துவான். இவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது போலிருக்கிறது. அந்தப் பள்ளியில் எல்லாரும் அப்படித்தான்.

மார்ச் 28

பெரிய சாருக்கு வழியனுப்பு விழா. நாற்பத்தைந்து நிமிடம் பேசினார், நேரம் தவறாமையைப் பற்றி.

தலைமை ஆசிரியர் பதவிக்கு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பணி மூப்பு மட்டும் போதாதாம், ஏழு பள்ளிகளிலிருந்தும் விண்ணப்பிக்கலாமாம், நேர்காணல் உண்டாம். போடட்டும். யார் வருகிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

ஏப்ரல் 17

நேற்று எழுத முடியவில்லை. நேர்காணல் முடிந்து வந்ததும் படுத்துவிட்டேன்.

நிர்வாக அலுவலகத்தில் பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தது? சார்ட்டு! இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஃபைல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் செயலாளர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஏழரைக்கு வருவது, கடைசி மணிக்குப் பிறகு பிள்ளைகளை உட்கார வைப்பது, அட்டவணை, பிள்ளைகளின் அம்மாக்கள். சொல்லச் சொல்ல மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் ஒரு ஃபைலைப் புரட்டி, "இதையெல்லாம் எங்கயோ படிச்ச மாதிரி இருக்கேம்மா" என்றார்.

என் கடிதம். என் எழுத்து.

கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். இவரைவிடத் தகுதியானவர் எங்கள் பள்ளியில் இல்லை. "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"மனசறிஞ்சுதானே எழுதினீங்க?"

என்னன்னு சொல்றது? அவன் தொல்லை தாங்காம அடுத்தவங்க தலையில கட்டினேன்னா? பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இப்ப எனக்கு ஸ்கூலைக் குடுங்கன்னா? வாய் வரை வந்தது. ஆமாம் என்றேன். "பெரிய மனசு உங்களுக்கு" என்றார் ஓரத்தில் இருந்தவர். மடையன்.

மே 2

அவனுக்குத்தான்.

மே 3

தங்கையிடம் சொன்னேன். சிரித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டு, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டாள்.

அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். அவனாகவா எழுதிக்கொண்டான்? ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது. என்னைவிடப் பெரிய முட்டாளை இருபத்திரண்டு ஆண்டில் நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

ஜூன் 4

ஏழரைக்குப் போனேன். கேட் திறந்திருந்தது. உள்ளே அவன் நின்றிருந்தான்.

பையிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்துக் காட்டினான். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. "தினமும் ஒரு தடவ படிப்பேன் டீச்சர். இதுல இருக்கற ஆள் மாதிரி ஆயிடணும்னுதான் பாக்கறேன். இன்னும் வரல."

வராது. ஒருத்தன் நோட்டைப் பார்த்து இன்னொருத்தன் எழுதினால் எது காப்பி என்று எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மதியத்துக்குள் அவன் அறையில் ஒரு எரிமலை ஏறியிருந்தது.

ஜூன் 20

இங்கே இவனுக்குக் கீழே என்னால் முடியாது. நம் ஏழு பள்ளிகளில் கடைசிப் பள்ளி, ஐந்தே வகுப்பு, தகரக் கூரை. அங்கே தலைமை ஆசிரியர் இடம் காலி. யாரும் கேட்காத இடம், கேட்டால் கிடைக்கும். பரிந்துரைக் கடிதத்துக்கு அவனிடம் போய் நின்றேன். நின்றேன்!

"எனக்கு உங்க மாதிரி எழுத வராதே டீச்சர். நீங்களே எழுதிக் கொண்டாங்க, கண்ண மூடிட்டுப் போட்டுடறேன்."

ஜூன் 21

கடைசி மணிக்குப் பிறகு காலி வகுப்பில் உட்கார்ந்தேன். காலை ஏழரைக்கு, என்று ஆரம்பித்து அடித்தேன். பின்தங்கிய பிள்ளைகளை, என்று எழுதி அதையும் அடித்தேன். படிக்கப்போவது அதே செயலாளர். அவரைப் பொறுத்தவரை இவையெல்லாம் சார்ட்டின் குணங்கள். நான் திருடி என்றுதான் நினைப்பார்.

வேறு என்ன இருக்கிறது என்னிடம்? ஒரு மணி நேரம் யோசித்தேன். இரண்டு வரி வந்தது. 'இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறார். கணக்கு நன்றாகப் போதிப்பார்.'

ஜூன் 22

படித்துவிட்டு முகம் வாடிப்போனான். "என்ன டீச்சர், இவ்ளோதானா? எனக்கு எவ்ளோ எழுதினீங்க!" பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல் எழுத்தில் தானே ஒரு வரி சேர்த்தான். 'இவர் இல்லாவிட்டால் இந்தப் பள்ளி ஒரு நாள்கூட நடக்காது.' கண் கலங்கி, கையெழுத்துப் போட்டான்.

படித்ததுமே தெரிந்துவிட்டது எனக்கு. அப்படி எழுதினால் எந்த நிர்வாகமாவது ஆளை விடுமா? அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்வேன்? உறையில் போட்டு ஒட்டினேன். அந்தக் கடிதத்தில் எனக்காக வேறு ஒருவர் எழுதியது அந்த ஒரு வரிதான்.

ஜூலை 9

பதில் வந்தது. பள்ளியின் நலன் கருதி, தங்களை விடுவிக்க இயலாது.

ஜூலை 10

இன்று நாலு பேர் விடுப்பு. பத்து நிமிடத்தில் அட்டவணையை மாற்றினேன், ஒரு வகுப்பும் சும்மா கிடக்கவில்லை. கையெழுத்துக்காக அவன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்று படிக்காமலே போட்டான்.