முன் தண்டில் நீ, பின்னால் நான்

இன்று காலை என் இடது செருப்பிலிருந்து கடைசி அட்டையையும் உரித்து எடுத்துவிட்டேன். குதிகாலை உயர்த்தி வைக்க டாக்டர் மூன்று அட்டைகள் ஒட்டச் சொல்லியிருந்தார். சில வாரங்களுக்கு ஒன்றாக உரித்தால், அறுந்து கூடிய நரம்பு மெல்ல நீளப் பழகுமாம். பசை நாற்றத்தோடு அந்த அட்டை கையில் வந்தபோது உன் செருப்பு நினைவுக்கு வந்தது. உன் பஞ்சர் கடையில் மிச்சப்பட்ட டயரை வெட்டி, நீயே ஆணி அடித்து, வலது குதிகாலுக்குக் கீழே மூன்று அடுக்கு வைத்திருந்தாய். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உயர்த்தினால் வலி கம்மி என்று உன் காலே சொல்லியிருக்க வேண்டும். என் அட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. உன்னுடைய டயர்கள் நீ சாகும்வரை அப்படியே இருந்தன.

நீ மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் நாம் பேசிக்கொள்ளவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் தெருமுனையில்தான் நின்றேன். கேட்க ஆளில்லாதபோது பேச வருவதுதான் என் லட்சணம்.

1989 ஆடி மாதம். நம் தெரு அம்மன் புறப்பாடு. பல்லக்குத் தூக்க எட்டுப் பேர், விரதம் இருந்து, வெறுங்காலோடு. முன் தண்டில் முதல் ஆளாக நிற்பவன் வைக்கிற அடிதான் மற்ற ஏழு பேருக்கும் கணக்கு. அந்த இடத்துக்கு எனக்கும் ஆசை இருந்தது. முந்தின நாள் கோயில் வாசலில் வாய்விட்டே கேட்டேன். நீ எல்லார் முன்னாலும் சிரித்தாய். "உன் நடைக்கு அம்மனுக்கே மயக்கம் வந்துடும்டா!" ஊரே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது, நானும் திருப்பி நாலு வார்த்தை கத்தினேன். விளையாட்டுக்குத்தான் சொன்னாய் என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை.

மறுநாள் முன் தண்டில் நீ, உனக்கு நேர் பின்னால் நான். தெரு மேடேறும் இடத்தில், பாரத்தை ஏற்ற நீ வலது காலை ஊன்றி உந்தினாய். 'டப்' என்று ஒரு சத்தம். தண்டுதான் விரிசல் விட்டது என்று நினைத்தேன். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய்.

"ஏன்டா உதைச்ச?"

அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்துவிட்டாய். பல்லக்கு ஒரு பக்கம் சரிந்தது. அம்மன் கழுத்து மாலை ரோட்டில் விழுந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியாததா? சாட்சி இல்லாத வழக்கு என்றால் சூடத்தைத்தான் கேட்பார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அடுத்த நாள் காலை இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாய். முதலில் நீ அடித்தாய். "இவன் என்ன உதைச்சான். பொய்னா என் கால் போவட்டும்." அப்புறம் நான் அடித்தேன். "நான் உதைக்கல. பொய்னா அதே கால் எனக்குப் போவட்டும்." ரோஷத்தில் உன் சாபத்தையே நானும் எடுத்துக்கொண்டேன்.

தெருப் பெரியவர் இரண்டு பேரையும் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு பொய். அம்மனே பாத்துக்குவா. அதுவரைக்கும் ரெண்டு பேரும் தண்டத் தொட வேணாம்." அன்றோடு நம் இருவர் தோளுக்கும் வேலை போயிற்று. தெரு முழுவதும் யார் கால் போகும் என்று காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

உனக்குப் பின்னங்கால் வீங்கியது. உதை என்று நீயே சொல்லிவிட்டதால் எல்லாரும் உதைக்குத்தான் வைத்தியம் பார்த்தார்கள். ஒத்தடம் கொடுத்தார்கள். சுளுக்கு வழிக்கிற ஆள் வந்து எண்ணெய் விட்டு, நீ கத்தக் கத்த, குதிகாலுக்கு மேலே இழுத்து இழுத்து வழித்தார். "பாதம் ஆடுது பாரு. நரம்பு அறுந்திருந்தா ஆடுமா?" என்று கேட்டாராம். வீக்கம் வடிந்தபின் குதிகாலுக்கு மேலே ஒரு பள்ளம் இருந்தது. விரல் வைத்தால் உள்ளே போகும் பள்ளம். டீக்கடையில் பின்னாலிருந்து அதை நான் பார்த்தேன். உன் கடையில் மேலே மாட்டியிருந்த டயரை எடுக்க வலது கால் விரலில் எழும்பப் பார்த்தாய், முடியவில்லை. இடது காலுக்கு மாறினாய். அதையும் பார்த்தேன். கெண்டைக்கால் சூம்பிக்கொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த டீக்கடையில், உன் காதில் விழ வேண்டும் என்றே, சத்தமாகச் சொன்னேன். "அம்மன் கேட்டுட்டாப்பா!"

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனாய். பிறகு தெருவில் எல்லார் வாயிலும் அதே வார்த்தை. வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்று உன் மனைவி மல்லிகா அழுதபோது, "இன்னானு சொல்லிக் காட்டறது? அம்மன் தண்டிச்ச காலுனா?" என்று கேட்டாயாம். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் எனக்கென்ன என்று இருந்தேன்.

போன வருடம் ஆபீஸ் விட்டு வேங்கிக்கால் ஸ்டாப்புக்கு வரும்போது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பிடிக்க ஓடினேன். ரோட்டோரக் கல்லில் கால் வைத்து உந்தினேன். 'டப்'. எவனோ குதிகாலுக்கு மேலே ஓங்கி உதைத்தான். "எவன்டா அது?" என்று ஆத்திரமாகத் திரும்பினேன்.

பின்னால் ஒருவருமில்லை. பஸ் போய்விட்டிருந்தது. வெறும் ரோடு, வெயில். வலி வருவதற்கு முன்னால் உன் முகம் வந்தது. தோளில் தண்டோடு திரும்பிப் பார்த்த முகம். அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கால் வலி என்று நினைத்து ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். கெண்டைக்கால் சதையை அமுக்கினார். வலது பாதம் அசைந்தது. இடது பாதம் சும்மா கிடந்தது. "திரும்பி யார் உதைச்சதுனு பாத்தீங்களா?" என்று சிரித்தார். "இது அறுந்து வர்றவங்க நெறைய பேரு அதத்தான் சொல்றாங்க." பாதம் ஆடுவதை நம்பக் கூடாதாம், வேறு நரம்புகளும் அதை ஆட்டுமாம். அறுந்த இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ள விரல்கள் கீழே பார்க்கும்படி வைத்து மாவுக்கட்டுப் போட்டார். அன்று உனக்கு அறுந்ததையும் எண்ணெய் விட்டு வழித்ததையும் சொல்லிக் கேட்டேன். "உடனே வந்திருந்தா கட்டுப் போட்டோ, தைச்சோ சரி பண்ணியிருக்கலாம். அத யாரு வழிக்கச் சொன்னது?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்ததும் கோலை ஊன்றிக்கொண்டு பெரியவரிடம் போனேன். நீ பொய்ச் சத்தியம் செய்யவில்லை என்று அம்மன் முன்னால் சூடம் அடிக்கிறேன் என்றேன். அவர் கையை ஆட்டினார். "அடிச்ச சூடத்த மறுபடி அடிக்கிற வழக்கம் இல்லப்பா. அம்மன் முடிச்ச விஷயம் அது." என் காலை ஒருமுறை பார்த்தார்.

அங்கிருந்து உன் வீட்டுக்குப் போனேன். மல்லிகா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். உள்ளே போய் உன் படத்துக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்து வந்து, கற்பூரம் கொளுத்தி வைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பொய் சொல்லலனு அடிங்கண்ணா."

அடித்தேன். உள்ளங்கை சுட்டது.

"நீங்க உதைச்சீங்களா?"

"இல்லம்மா."

"ரெண்டும் நெசமா?"

"ரெண்டும் நெசம்தாம்மா."

அணைந்த கற்பூரத்தின் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப அந்தக் கால் எதுக்குண்ணா போச்சு?"

நான் கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, டீக்கடையில் மட்டும் வந்த வாய். அதனால் உனக்கு எழுதுகிறேன். உன் நரம்பு தானாகத்தான் அறுந்தது. அது கூடாமல் போனது என்னால்.