லோடு போடாமல் ஓட்டிப் பார்த்த ஜெனரேட்டர்

அனுப்புநர்:
தை. ஆரோக்கிய ஜெகன், டி.இ.இ.இ.,
மின் பராமரிப்புப் பணியாளர், குளிர்பதனக் கிடங்கு, பண்ருட்டி.
வீடு: அந்தோணியார்குப்பம், கடலூர் வட்டம்.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
புயல் பாதுகாப்பு மையங்கள் பிரிவு,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பொருள்: என் புகாரின் பேரில் ஜெனரேட்டர் ஆபரேட்டர் திரு. ராஜவேலை வேலையிலிருந்து நீக்கியதை ரத்து செய்யவும், முடித்துவைத்த புகாரை மறுபடி விசாரிக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் மனு, நாள் 15.12.2025.
2. தங்கள் பதில், நாள் 20.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

29.11.2025 சனிக்கிழமை மாலை 6.10 மணிக்கு எங்கள் ஊர்ப் புயல் பாதுகாப்பு மையத்தில் கரண்ட் நின்றபோது உள்ளே 212 பேர் இருந்தோம். அதில் ஒருவர் என் அம்மா சவரியம்மாள். நுரையீரல் கெட்டுப்போனவர். கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. முந்தின நாளே சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம். மையத்தின் வாசலில் '24 மணி நேர ஜெனரேட்டர் வசதி உண்டு' என்று போர்டு இருந்தது. நம்பிவிட்டோம்.

ஜெனரேட்டர் உடனே ஸ்டார்ட் ஆனது. ஜனங்கள் கைகூடத் தட்டினார்கள். ராஜவேல் மையத்தின் லைட், ஃபேன் லோடை அதற்கு மாற்றியதும் வோல்டேஜ் விழுந்து ட்ரிப் ஆகிவிட்டது. நானும் டார்ச் அடித்துக்கொண்டு பார்த்தேன். திரும்பத் திரும்ப அதே கதை. "ஓடுது தம்பி, லோடுதான் எடுக்க மாட்டேங்குது" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். அம்மாவை மீன் வேனில் ஏற்றினோம். கையில் இருந்த சின்ன சிலிண்டர் வழியிலேயே தீர்ந்தது. சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கோபத்தில் தங்களுக்கு மனு எழுதினேன். இரண்டு பக்கம். அதில் ஒரே ஒரு வரி, 'ஆபரேட்டர் மீது நடவடிக்கை எடுக்கவும்' என்பது. அந்த ஒரு வரியை மட்டும் தங்கள் அலுவலகம் எடுத்துக்கொண்டது. 'சம்பந்தப்பட்ட ஊழியர் நீக்கப்பட்டார். மனு முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. மையங்களில் உயிரிழப்பு ஏதும் இல்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தீர்கள். அது பொய்யும் இல்லை ஐயா. அம்மா இறந்தது வேனில்.

போன வாரம் கீரப்பாளையத்தில் ராஜவேல் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி புஷ்பவள்ளி என்னைப் பார்த்ததும், "கம்ப்ளெயிண்ட் குடுத்தவரே வந்துருக்காரு, பாயப் போடுங்க" என்றார். ராஜவேல் அவரை அடக்கிவிட்டு என்னிடம், "அம்மா காரியத்துக்கு வரல தம்பி. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டேன்" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறாராம்.

நடந்ததை அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன வருடம் ஒரு சோதனை ஓட்டத்தில் லோடு போட்டபோது வோல்டேஜ் எகிறி டியூப் லைட்டுகள் போய்விட்டன. உடனே ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்கள். வோல்டேஜ் ஏன் எகிறியது என்று யாரும் கேட்கவில்லை. இனிமேல் லோடு போடாமல் ஓட்டினால் போதும் என்று வாய்மொழியாக முடிவாகியிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் சும்மா ஓட்டி, 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள். வண்டியை ஸ்டாண்டு போட்டு ஆக்சிலேட்டர் முறுக்கிப் பார்த்துவிட்டு, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும் என்று சர்டிபிகேட் கொடுப்பது இதுதான். அன்றைக்கு எகிறியதும், புயலன்று விழுந்ததும் ஒரே வோல்டேஜ் ரெகுலேட்டரின் கோளாறு என்றுதான் நான் சந்தேகப்படுகிறேன். கழற்றிப் பார்த்தால் தெரியும். இதுவரை கழற்றவில்லை.

இதில் கெட்டவர் என்று யாரும் இல்லை. லைட்டைக் காப்பாற்ற நினைத்தவர், சொன்னபடி செய்தவர், புகாரைச் சீக்கிரம் முடிக்க நினைத்தவர், எல்லாரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள். நானும் ஒரு ஆளைக் கைகாட்டினேன். ஒரு ஆளை நீக்கியதும் எல்லாருக்கும் திருப்தி. ஜெனரேட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த புயலுக்கும் ஜனங்கள் அந்தப் போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

ஆகவே ராஜவேலை மீண்டும் வேலையில் சேர்க்கவும், ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கவும், வாரச் சோதனையை முழு லோடில் நடத்தவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அந்தப் போர்டையாவது கழற்றிவிடுங்கள்.

என் பங்குக்கு நான் செய்யப்போவது:

1. வரும் திங்கட்கிழமை சோதனை ஓட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு வருவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பேன்.

2. அனுமதி கொடுத்தால் ரெகுலேட்டரை நானே கழற்றிச் சரிபார்த்துத் தருவேன். கூலி வேண்டாம்.

3. விசாரணை வைத்தால், ராஜவேலைப் பற்றி நான் எழுதிய வரி தவறு என்று அவர் முன்னாலேயே சொல்வேன்.

4. அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் வீட்டில் துணி போட்டு மூடிக் கிடக்கிறது. அதை மையத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். இனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதை மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

இடம்: கடலூர்
நாள்: 09.02.2026

வருத்தத்துடன்,
(ஒப்பம்)
தை. ஆரோக்கிய ஜெகன்