வெயிலில் வைத்த முளைப்பாரி

26 ஜூலை 1932, செவ்வாய். லாபிஸ், மலாயா.

பள்ளிக்கூடத் தோட்டத்தில் இன்று நான் செய்த காரியம் நெஞ்சை அறுக்கிறது.

மண்வெட்டி வைக்கும் கொட்டகையின் இருட்டு மூலையில் மூன்று சட்டிகள் இருந்தன. பயறு முளைத்து, மஞ்சளாய் வெளிறி நின்றது. பிள்ளைகள் யாரோ மறந்துவிட்டார்கள் என்று காலையிலேயே வெயிலில் தூக்கி வைத்தேன். அதையே பாடமாகவும் நடத்தினேன்.

"வெயில் படாட்டில் பயிர் இப்பிடித்தான் வெளிறிப்போகும், பாருங்கோ."

பிள்ளைகள் சட்டிகளின் கிட்ட வராமல் ஒதுங்கி நின்றார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மத்தியானம் ரப்பர் பால்வெட்டு முடிந்து காமாட்சி வந்தாள். புருஷன் செத்தபின் பேச்சையே மறந்திருந்தவள். செடிகொடியோடு இருந்தால் மனம் ஆறும் என்று நான்தான் அவளைப் பாத்தி கொத்த அழைத்திருந்தேன். சட்டிகளைக் கண்டதும் ஓடிவந்து முந்தானையால் மூடினாள்.

"வாத்தியாரய்யா, இது அம்மனுக்குப் போட்ட முளைப்பாரிங்க. வெளிச்சமே படக்கூடாதுங்க. புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கணும்னு நேந்துக்கிட்டேன்."

"எனக்குத் தெரியாதம்மா" என்றேன். அம்மனைக் கும்பிடாத யாழ்ப்பாணத்து வேதக்காரனுக்கு என்ன தெரியும் என்று அவள் ஏசியிருக்கலாம். ஏசவில்லை. சட்டிகளைச் சுமந்துகொண்டு லயத்து வீட்டுக்குப் போனாள். தன் வெண்டிப் பாத்திக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

பொழுதுபட, அவள் மகன் கிடக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்றைவிடக் காய்ச்சல் கூடியிருக்கிறது என்றார் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஜெபம் வரவில்லை. அவள் வருவதற்குள் அந்த முளைகளின் நுனியில் பச்சை பிடித்திருந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி நான் சந்தோஷப்பட்டேன்.